நகரின் அபாயச் சங்கு



'சங்கு' என்றவுடன் கடலில் விளையும் வெண்சங்கு உங்கள் நினைவுக்கு வரலாம். ஆயினும் நம் ஊர்களில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. தொழிலாளரை வேலைக்கு அழைத்த ஊதலை 'ஆலைச் சங்கு' என்றும், நகராட்சிக் கட்டடத்தின் மேலிருந்து பொழுதை அறிவித்த ஊதலை 'முனிசிபல் சங்கு' என்றும் மக்கள் வழங்கினர். 'சைரன்' என்னும் கருவிக்கு இப்பெயரைச் சூட்டியவர் புலவர் அல்லர். அதன் ஓசையைக் கேட்ட பொதுமக்களே. விமானத் தாக்குதலையும் பிற இடர்களையும் அறிவிக்கும் சைரன் இவ்வாறே 'அபாயச் சங்கு' ஆயிற்று.

அத்தகைய சங்கைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதனை வாங்கி நாட்டுவது எளிது. ஆண்டுதோறும் பழுதின்றிப் பேணுவதும், அதற்கான பொருளை ஆண்டுதோறும் ஒதுக்குவதுமே அரிது. இவ்வுண்மையை ஒரு நகரத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்குவேன்.

அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில், பசிபிக் மாகடலின் ஓரத்தில் அமைந்தது சான் பிரான்சிஸ்கோ. 1906 ஏப்ரல் 18 அன்று நேர்ந்த நிலநடுக்கமும், அதனைத் தொடர்ந்து பரவிய தீயும் அந்நகரின் பெரும்பகுதியை அழித்தன. இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தாக்குதலை அஞ்சி அங்கே அபாயச் சங்குகள் நிறுவப்பட்டன. போர் முடிந்த பின்னரும் அவற்றை அகற்றிவிடவில்லை. ஆழிப்பேரலை, நச்சுப் புகை, பெருந்தீ போன்ற இடர்களுக்கும் அவை பயன்படும் என்று நகரத்தார் கருதினர். காலப்போக்கில் பழைய கருவிகளின் இடத்தில் மனிதக் குரலிலும் பேசவல்ல புதிய கருவிகள் வந்தன. அவற்றின் தொகை 119 ஆயிற்று. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நண்பகல் 12 மணிக்கு அவை அனைத்தும் 15 விநாடி ஒலிக்கும். பின்னர், 'இது சோதனை மட்டுமே' என்று ஒரு குரல் அறிவிக்கும். கடைக்காரரும் பள்ளிச் சிறுவரும் அவ்வோசையைக் கேட்டே நண்பகல் ஆயிற்று என்று அறிந்தனர்.

இனி, சங்கு எவ்வாறு ஒலிக்கிறது என்பதைச் சிறிது காண்போம். பழைய வகைச் சங்கில், பக்கங்களில் துளைகள் உள்ள ஓர் உருளைக் கூடு அசையாமல் நிற்கும். அதனுள்ளே துளைகளை உடைய மற்றோர் உருளையை மின்மோட்டார் சுழற்றும். இரு துளைகளும் நேர்ப்படும்போது காற்று வெளியே பாயும், விலகும்போது தடைப்படும். இவ்வாறு காற்று வெட்டுண்டு வெட்டுண்டு வெளிப்படுவதே நாம் கேட்கும் ஊளை. சுழலும் உருளையில் 10 துளைகள் இருந்து, அது விநாடிக்கு 45 முறை சுழன்றால், விநாடிக்கு 450 அதிர்வுகள் உண்டாகும். வேகம் கூடினால் சுருதி உயரும், குறைந்தால் தாழும். எழுந்தும் விழுந்தும் ஒலிக்கும் அந்த அச்சந்தரும் ஓசைக்குக் காரணம் இதுவே.

1819 இல் காஞியார் த லா தூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் இத்தத்துவத்தில் ஒரு கருவியைச் செம்மை செய்தார். அது நீருக்குள்ளும் ஒலித்தது. எனவே, கிரேக்கக் கதையில் வரும் கடல் நங்கையரான 'சைரன்'களின் பெயரை அதற்கு இட்டார். அந்நங்கையர் தம் பாட்டினால் மாலுமிகளை மயக்கிச் சாவை நோக்கி இழுத்தனர் என்பது கதை. இன்றைய சைரனோ சாவிலிருந்து மக்களை விலக்குகிறது.

புதிய வகைச் சங்கில் சுழலும் உருளை இல்லை. அதில் ஒலிபெருக்கியும், கொம்பு போன்ற குழல்களும், மின்கலங்களும், கட்டளையை ஏற்கும் சிறு வானொலிக் கருவியும் உண்டு. நகரின் நடு நிலையத்திலிருந்து வானொலி வழியாகக் கட்டளை வரும். அதனை ஏற்றுச் சங்கு ஒலிக்கும். ஊரில் மின்சாரம் நின்றுபோனாலும் மின்கலத்தின் உதவியால் அது இயங்க வேண்டும். ஏனெனில் இடர் வரும் வேளையில் முதலில் நின்றுபோவது பெரும்பாலும் மின்சாரமே.

ஒரு சங்கின் ஓசை எவ்வளவு தொலைவு செல்லும்? திட்டம் வகுப்போர் ஒரு பொதுக் கணக்கைக் கொள்வர். தொலைவு இரட்டிக்குந்தோறும் ஓசை 10 டெசிபல் குறையும் என்பது அக்கணக்கு. சங்கிலிருந்து 30 மீட்டர் தொலைவில் 120 டெசிபல் என்று கொள்ளுங்கள். 60 மீட்டரில் 110. 120 மீட்டரில் 100. 240 இல் 90. 480 இல் 80. 960 மீட்டரில் 70. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தெருவின் இரைச்சலில் அது கரைந்துவிடும். மூடிய வீட்டுக்குள் இருப்பவர் காதுக்கு இன்னும் குறைவாகவே எட்டும். ஆகவே இச்சங்கு வெளியில் இருப்போருக்காக அமைந்தது. கடற்கரையில் உலவுவோர், வயலில் உழைப்போர், திடலில் விளையாடுவோர் ஆகியோரை எச்சரித்து, உள்ளே சென்று செய்தி அறியுமாறு தூண்டுவதே அதன் பணி. சான் பிரான்சிஸ்கோ போன்ற மலைமேடான நகரில் குன்றுகள் ஓசையை மறைக்கும். அதனால் சங்குகளைப் பல இடங்களிலும் பரவலாக நடவேண்டியிருந்தது.

இவ்வளவு கருவிகளும் இருப்பது எங்கே? கம்பங்களின் உச்சியிலும் மாடிகளின் மேலும். வெயிலும் மழையும் அவற்றைத் தாக்கும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும். கொம்புக் குழலுக்குள் பறவைகள் கூடு கட்டும். மின்கலங்கள் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். வானொலிக் கருவியின் உறுப்புகள் பழையனவாகி, மாற்று உறுப்பு கடையில் கிடைக்காத நிலையும் வரும். இவற்றுள் எதுவும் கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. கம்பம் நிமிர்ந்தே நிற்கும், சங்கும் அதன்மேல் வீற்றிருக்கும், ஆனால் ஊமையாகியிருக்கும்.

ஆதலால் சோதனை இன்றியமையாதது. அதில் மூன்று வகை உண்டு. முதலாவது மௌனச் சோதனை: காதுக்குக் கேளாத வகையில் மின்னோட்டத்தைச் செலுத்தி, உறுப்புகள் இயங்குகின்றனவா என்று அறிவது. இரண்டாவது உறுமல் சோதனை: பழைய வகைச் சங்கை ஓரிரு விநாடி மட்டும் சுழலவிட்டு, முழு ஓசை எழுமுன் நிறுத்துவது. மூன்றாவது முழுச் சோதனை: ஊரறிய ஒலிக்கச் செய்வது. முதல் இரண்டும் கருவியை மட்டுமே சோதிக்கும். மூன்றாவது கருவியோடு மக்களின் செவியையும் நினைவையும் சேர்த்தே சோதிக்கும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுங்கள்; பின்னர் இது பயன்படும்.

இனிப் பொருட்செலவைப் பார்ப்போம். ஒரு நகரில் 100 சங்குகள் உள்ளன. ஒவ்வொன்றும் 20 ஆண்டு உழைக்கும். மின்கலம் 4 ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின் ஆண்டுதோறும் 5 சங்குகளைப் புதுப்பிக்கவும், 25 சங்குகளின் மின்கலங்களை மாற்றவும் வேண்டும். ஆண்டுதோறும் இதற்கு ஒரு தொகையை ஒதுக்கினால் சுமை தெரியாது. ஒதுக்காமல் விட்டாலும் முதல் ஆண்டில் ஒன்றும் நேராது; இரண்டாம் ஆண்டிலும் நேராது. நிதிக்குழுவில் அமர்ந்திருப்போர், 'நாம் சிக்கனம் செய்தோம். தீங்கொன்றும் விளையவில்லையே' என்று மகிழ்வர். இருபதாம் ஆண்டில் நூறு சங்குகளும் ஒருசேர முதுமையடைந்து நிற்கும். அன்று கேட்கப்படும் தொகை எவரையும் மலைக்கச் செய்யும். மலைத்தவர்கள் அதனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பர்.

இப்பொருளை யார் தருவது? பேருந்தில் ஏறுவோரிடம் கட்டணம் பெறலாம். குழாய் நீருக்கு வரி விதிக்கலாம். சங்கின் ஓசைக்கு அவ்வாறு விலை பெற இயலாது. வரி செலுத்தியவனுக்கு மட்டும் கேட்கும்படியும், செலுத்தாதவனுக்குக் கேளாதபடியும் அதனை ஊத முடியாது. எல்லார்க்கும் பொதுவான பொருளை எல்லாரும் சேர்ந்தே தாங்க வேண்டும் என்னும் பொருளியல் விதிக்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது. அமெரிக்காவில், சங்கு வாங்குவதற்கு மத்திய அரசின் இடர்த்தணிப்பு நிதியிலிருந்து உதவி பெற வழியுண்டு. ஆயினும் அதனைப் பேணும் செலவு உள்ளூர் மன்றத்தைச் சார்ந்தது. அணுமின் நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதியில் மட்டும் நிலையத்தை நடத்துவோரே சங்குகளின் செலவை ஏற்பது வழக்கம். மற்ற இடங்களில் சாலை, நூலகம், மருத்துவமனை ஆகியவற்றோடு சங்கும் ஒரே பணப்பெட்டிக்காகப் போட்டியிட வேண்டும். சாலையில் பள்ளம் விழுந்தால் மறுநாளே முறையீடு வரும். ஊமையான சங்கைப் பற்றி முறையிட எவரும் வருவதில்லை.

இந்நிலையில் புதியதோர் இடரும் வந்து சேர்ந்தது. டெக்சஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் 2017 ஏப்ரல் 7 அன்று, நள்ளிரவுக்குச் சற்று முன்னர், அந்நகரின் 156 சங்குகளும் ஒருசேர அலறத் தொடங்கின. சூறாவளியும் இல்லை, வேறு இடரும் இல்லை. நகர நிலையம் அனுப்பும் கட்டளையைப் போன்ற வானொலிக் குறிப்பை யாரோ கள்ளத்தனமாக அனுப்பியதே காரணம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓலம் நீடித்தது. ஆயிரக்கணக்கானோர் அவசர உதவி எண்ணை அழைத்தனர். முடிவில் அமைப்பு முழுவதையும் நிறுத்தியே அதனை அடக்க வேண்டியதாயிற்று. அந்த அழைப்புகளின் நடுவே, உண்மையாகவே நெஞ்சுவலியால் துடித்த ஒருவரின் அழைப்பு சிக்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மறு ஆண்டிலேயே, சான் பிரான்சிஸ்கோவின் சங்குகளையும் அவ்வாறு ஏமாற்ற இயலும் என்று ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. செவ்வாய்தோறும் நடந்த சோதனையைக் கூர்ந்து கவனித்தே அக்கட்டளையின் இயல்பை ஆய்வாளர் கண்டறிந்தார். கட்டளைகள் மறைகுறியில் அமையாமல், எவரும் கேட்டுப் பின்பற்றத்தக்க வகையில் வெளிப்படையாகச் சென்றன என்பதே குறை. பூட்டில்லாத கதவு நெடுங்காலம் திறக்கப்படாமல் இருந்தது. அதனைப் பாதுகாப்பென்று எண்ணிவிட்டனர்.

2019 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ தன் சங்குகளை நிறுத்தியது. பாதுகாப்பையும் உறுதியையும் மேம்படுத்தி இரண்டு ஆண்டுகளில் மீண்டும் ஒலிக்கச் செய்வோம் என்று நகரத்தார் அறிவித்தனர். இம்முடிவில் தவறில்லை. ஆனால் அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்தது. நகரின் கவனமும் பணமும் வேறு வழியில் சென்றன. செலவின் மதிப்பீடோ முதலில் எண்ணியதைவிடப் பன்மடங்கு பெருகியது. சொன்ன இரண்டு ஆண்டுகள் கழிந்தன; செவ்வாய் நண்பகல் மௌனமாகவே இருந்தது.

2024 டிசம்பர் 5 அன்று முற்பகல் 10 மணி 44 நிமிடத்துக்கு வடகலிபோர்னியக் கடலில் 7.0 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆழிப்பேரலை வரக்கூடும் என்ற எச்சரிக்கை சான் பிரான்சிஸ்கோ வரை விடுக்கப்பட்டது. மக்களின் கைப்பேசிகள் ஒலித்தன. விரிகுடாவின் அடியிற் செல்லும் இரயில் போக்குவரத்து நின்றது. 119 சங்குகளும் வாய் திறக்கவில்லை. நற்பேறாக, பேரலை எழவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. ஒரு நகரத்தின் காவல் அன்று நற்பேற்றைச் சார்ந்து நின்றது.

இங்கே உங்களில் சிலர் வினவக்கூடும்: 'ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கும் இக்காலத்தில் சங்கு எதற்கு? அன்றும் கைப்பேசி ஒலித்ததல்லவா?' இது நியாயமான வினா. கைப்பேசி, என்ன இடர், எங்கே செல்க என்பவற்றை எழுத்தில் தெளிவாகக் கூறும். சங்கால் அது இயலாது. ஆயினும் உறங்குவோன் கைப்பேசியை அணைத்து வைத்திருப்பான்; கடலில் குளிப்போன் அதனைக் கரையில் விட்டிருப்பான்; வெள்ளத்தில் கோபுரம் சாய்ந்தால் அனைவரின் கைப்பேசியும் ஒரே கணத்தில் வாயடைக்கும்.

இதற்கு ஜெர்மனி சான்று கூறும். பனிப்போர் முடிந்தபின், 1990களில், அந்நாட்டு மத்திய அரசு சங்குகளைப் பேணும் பொறுப்பைக் கைவிட்டது. விரும்பிய ஊர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டன. பல ஊர்கள் கழற்றிவிட்டன. 2020 செப்டம்பர் 10 அன்று நாடு முழுவதும் எச்சரிக்கை ஒத்திகை நடந்தது. கைப்பேசிச் செய்திகள் காலம் தாழ்ந்து வந்தன. பல ஊர்களில் ஒலிக்கச் சங்கே இல்லை. ஓராண்டு நிறைவதற்குள், 2021 ஜூலை 14, 15 தேதிகளில், ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் பிற இடங்களிலும் பெருவெள்ளம் இரவோடு இரவாகப் புகுந்தது. மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் அற்றுப்போயின. நாட்டில் 180க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சங்கு இல்லாமை ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. எச்சரிக்கை விடுப்பதிலும் தாமதம் நேர்ந்தது. எனினும் சங்குகளை மீண்டும் நிறுவ மத்திய அரசு பெருந்தொகை வழங்கியது. 2023 இல் கைப்பேசிக்கு நேரே எச்சரிக்கை பரப்பும் முறையையும் தொடங்கியது. இரண்டும் வேண்டும் என்பதே அந்நாடு கற்ற பாடம்.

இனி, முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன வேறுபாட்டுக்கு வருவோம். கருவி செம்மையாக இருந்தால் மட்டும் போதுமா? ஹவாயித் தீவுகளில் உள்ள ஹீலோ நகரத்தாரைக் கேட்டால் போதாது என்பர். 1946 ஏப்ரல் 1 அன்று எச்சரிக்கையின்றி வந்த ஆழிப்பேரலை அத்தீவுகளில் 159 பேரைக் கொன்றது. அதன் விளைவாக 1949 இல் எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. 1960 மே 22 அன்று சிலி நாட்டில் மாபெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. பேரலை மாகடலைக் கடந்து ஹவாயை அடைய ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். ஹீலோவில் இரவு 8 மணி 30 நிமிடத்துக்கே சங்குகள் முறையாக ஒலித்தன. பேரலை நள்ளிரவு கடந்து 1 மணிக்குத் தாக்கியது. இடையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இருந்தும் 61 பேர் மாண்டனர்.

காரணம் யாது? சங்கின் குறிப்புமுறை சில காலத்துக்கு முன்னர்தான் மாற்றப்பட்டிருந்தது. முன்பு பல முறை ஒலித்து, படிப்படியாக எச்சரிக்கும் வழக்கம் இருந்தது. புதிய முறையில் ஒருமுறை ஒலித்தாலே வெளியேற வேண்டும். இம்மாற்றத்தை மக்கள் நன்கு அறியவில்லை. 'மறுபடியும் ஊதட்டும், அப்போது புறப்படலாம்' என்று காத்திருந்தோர் பலர். பின்னர் நடந்த ஆய்வில், பெரும்பாலோர் சங்கொலியைக் கேட்டனர் என்றும், பாதிக்கும் குறைவானோரே வெளியேறினர் என்றும் தெரியவந்தது. கருவி தன் கடமையைச் செய்தது. அதன் பொருள்தான் மக்களைச் சென்றடையவில்லை.

அதே தீவுக்கூட்டத்தில் 2023 ஆகஸ்ட் 8 அன்று லஹைனா நகரைக் காட்டுத்தீ விழுங்கியது. 102 பேர் உயிரிழந்தனர். மாவுயித் தீவில் 80 சங்குகள் இருந்தும் ஒன்றுகூட ஒலிக்கவில்லை. சங்கொலியை ஆழிப்பேரலைக்கு அடையாளமாகவே மக்கள் அறிவர். அதனைக் கேட்டு மலைப்பக்கம் ஓடினால் தீயையே சென்றடைவர் என்று அஞ்சியதாகப் பொறுப்பாளர் விளக்கம் கூறினார். அவ்விளக்கம் ஏற்கத்தக்கதா என்ற வாதம் பின்னர் எழுந்தது. நாம் காணவேண்டியது ஒன்று: ஓர் ஓசையின் பொருளை மக்களுக்கு முன்கூட்டியே கற்பிக்காவிட்டால், தேவை வரும் நாளில் அதனைப் பயன்படுத்தவே தயக்கம் பிறக்கும்.

பள்ளி மணியை எண்ணிப் பாருங்கள். அது வெறும் வெண்கலத் தகடு. ஒருமுறை அடித்தால் பாட வேளை முடிந்தது. விடாமல் அடித்தால் பள்ளி விட்டது. இப்பொருளைத் தகட்டில் எழுதி வைக்கவில்லை. நாள்தோறும் கேட்டுப் பழகிய மாணவர் மனத்தில் எழுதியிருக்கிறது. ஓராண்டு முழுவதும் மணியை அடிக்காமல் இருந்து, ஒரு நாள் திடீரென்று அடித்தால் என்ன நேரும்? பாதிப்பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பர். நகரின் சங்கும் அவ்வாறே. வாரந்தோறும் ஒலித்த அந்த 15 விநாடி, மின்கலத்தை மட்டும் சோதிக்கவில்லை. புதிதாக ஊருக்கு வந்தவனுக்கும், புதிதாகப் பிறந்து வளரும் குழந்தைக்கும் ஒரு பாடத்தைக் கற்பித்தது. மௌனமான ஒவ்வோர் ஆண்டிலும் அப்பாடம் ஊராரின் மனத்திலிருந்து சிறிது சிறிதாக அழிகிறது. கருவியைப் பணம் கொடுத்து ஒரே ஆண்டில் வாங்கிவிடலாம். அழிந்த பழக்கத்தை அவ்வாறு வாங்க இயலாது.

எனவே, சங்கைப் பேணுதல் என்பது மூன்று கடமைகளின் தொகுதி. கருவியைப் பழுதின்றி வைத்தல் ஒன்று. அதன் கட்டளையைக் கள்வர் கையில் சிக்காமல் காத்தல் மற்றொன்று. அதன் பொருளை மக்கள் மறவாமல் நிலைநிறுத்தல் மூன்றாவது. மூன்றுக்கும் ஆண்டுதோறும் சிறு தொகை வேண்டும். பேரிடர் நேர்ந்த மறுநாள் கோடிகளை வாரி வழங்க எல்லா அரசும் முன்வரும். அமைதியான ஓர் ஆண்டில், எவரும் கேளாதபோது, மின்கலம் மாற்றச் சிறு தொகையை ஒதுக்கும் நகர மன்றமே அறிவுடையது.

உங்களில் சிலர் நாளை பொறியாளராகலாம். சிலர் நகர மன்றத்தில் அமரலாம். பலர் வரி செலுத்தும் குடிமக்களாக இருப்பீர்கள். வரவுசெலவுத் திட்டத்தின் பக்கங்களில் 'பராமரிப்பு' என்ற தலைப்பில் ஒரு சிறு தொகை இருக்கும். சிக்கனத்தின் பெயரால் கத்தரிக்கோல் முதலில் தேடுவது அதைத்தான். அதனை வெட்டுமுன், அத்தொகையால் எது ஒலிக்கிறது, அதனைக் கேட்டு யார் உயிர் பிழைப்பர் என்று ஒரு வினா எழுப்புங்கள். அவ்வினாவை எழுப்பும் பழக்கம் உங்களிடம் வளர்ந்தால், நீங்கள் வாழும் நகரின் காவல் நற்பேற்றை நம்பி நிற்காது.